பாஷோ போன வழியில் ஒரு பெண்ணும் போனாரா?

கேள்வியை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கவிஞர் பாஷோ 1689-இல் வட ஜப்பானில் நடந்த வழியிலேயே பிற்காலத்தில் ஒரு பெண் கவிஞரும் நடந்தார் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது நிஜமா, அந்தக் காலத்துப் பெண்ணால் அது முடிந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் போகிறபோக்கில், போயிருந்தாலும் ஒரு ஆண் போட்ட பாதையில் பின்னால் போனதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். உங்களை உண்மையில் உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்ல மற்ற இரண்டையும் கடந்துதான் போக வேண்டும், அதனால் கொஞ்சம் நீளும்.

ஜப்பானிய மொழி கற்றுக்கொடுப்பது என் வேலை. செண்டாயில் சில வருடங்கள் இருந்தபோது பாஷோவின் பயணநூலையும் அதைச் சுற்றி எழுந்த நூல்களையும் விரும்பிப் படித்தேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். பாஷோவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வாழ்ந்த எடோ காலத்துத் தூரிகைக் கையெழுத்தை நேரடியாகப் படிக்கும் பயிற்சி எனக்குக் கிடையாது. அச்சுப் பதிப்புகளையும் ஆய்வாளர்களின் குறிப்புகளையும் நம்பித்தான் எழுதுகிறேன். எது உறுதி, எது சந்தேகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: நிஜம்தான். ஒருவர் அல்ல, எழுதி வைத்துவிட்டுப் போனவர்களே குறைந்தது இரண்டு பேர். 1771-இல் ஷொக்யூ, 1781-இல் கிகுஷா. இருவருமே துறவுக்கோலம் பூண்ட விதவைகள். நீங்கள் படித்தது சியோ பற்றியோ என்று ஒரு சந்தேகம் வந்தது. காலைமலர் கொடி சுற்றிக்கொண்ட கிணற்று வாளிக் கவிதையால் தமிழில் ஹைக்கூ படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் பழக்கம். சியோ 1703-இல் காகா நாட்டு மட்டோ என்ற ஊரில் பிறந்தவர் (இங்கே 'நாடு' என்பது ஜப்பானின் பழைய மாகாணம்). பாஷோவின் வழி அந்தப் பக்கமாகப் போகிறது, அவ்வளவுதான். வடக்குப் பயணத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

இனி பாஷோவின் பயணம். பதிலின் பாதி அங்கேதான் இருக்கிறது. 1689 வசந்தத்தின் முடிவில் அவர் எடோவின் ஃபுகாகவாவிலிருந்து படகேறி செஞ்சுவில் இறங்கினார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. கூட வந்தவர் சீடர் சோரா. நிக்கோ, ஷிரகாவா, செண்டாய், மட்சுஷிமா, ஹிரைசுமி என்று வடக்கே ஏறி, மலைகளைக் குறுக்கே கடந்து மேற்குக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து தெற்கே இறங்கி மினோ நாட்டு ஓகாகியில் பயணத்தை முடித்தார். சுமார் 2,400 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மாதம். இதைப் பற்றி அவர் எழுதிய 'ஓகு நோ ஹொசொமிச்சி' அவர் இறந்து எட்டு வருடம் கழித்து 1702-இல் அச்சாகி வந்தது.

பாஷோ ஏன் அந்தத் திசையில் போனார்? புதிய ஊர் பார்க்கப் போகவில்லை. ஜப்பானியக் கவிதையில் 'உதாமாகுரா' என்று சில இடங்கள் உண்டு. நம் ஊர்ப் பாடல் பெற்ற தலங்கள் போலத்தான்: ஒரு பெரியவர் பாடிவிட்டார் என்பதாலேயே அந்த ஆறும் மரமும் குன்றும் பெயர் பெறுகின்றன, பின்னால் வருகிறவர் அங்கே நின்று தன் பங்குக்கு ஒன்று பாடுகிறார். பாஷோ தேடிப் போனது இவற்றைத்தான். குறிப்பாக 12-ஆம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞர் சாய்க்யோவின் தடத்தை. சாய்க்யோ 1190-இல் இறந்தவர். இறந்த வருடத்தையும் சேர்த்து எண்ணும் அவர்கள் வழக்கப்படி 1689 அவருடைய ஐந்நூறாவது நினைவு வருடம். பாஷோ அந்த வருடத்தில் கிளம்பியது தற்செயல் என்று யாரும் நினைப்பதில்லை. அஷினோ என்ற ஊரில் சாய்க்யோ நின்று பாடியதாகச் சொல்லப்படும் ஒரு வில்லோ மரம் இருந்தது. பாஷோ அங்கே நிற்கிறார். ஒரு வயல் நடவு முடிகிறது, அவர் கிளம்புகிறார், கவிதையும் அவ்வளவுதான். உண்மையில் சாய்க்யோ அந்தக் கவிதையை அந்த மரத்தடியில்தான் பாடினாரா என்பதற்கு ஆதாரம் கிடையாது. 'நோ' என்ற பழைய நாடக வகையைச் சேர்ந்த ஒரு நாடகம் பரப்பிய நம்பிக்கை அது.

சாய்க்யோவும் முதல் ஆள் இல்லை. அவருக்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் நோயின் என்ற துறவிக் கவிஞர் இருந்தார். தலைநகரிலிருந்து வசந்தத்தின் மூடுபனியோடு கிளம்பினேன், ஷிரகாவா சாவடியில் இலையுதிர்காற்று வீசுகிறது என்பது அவருடைய புகழ்பெற்ற கவிதை. சாவடி என்றால் வழிப்போக்கரை நிறுத்திச் சோதிக்கும் காவலிடம். அதைப் பற்றி ஒரு குறும்புக் கதை 13-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் இருக்கிறது: நோயின் எங்குமே போகவில்லையாம், வீட்டிலேயே ஒளிந்துகொண்டு, வெயிலில் முகத்தைக் கருக்கிக்கொண்டு, பயணம் போய்வந்தேன் என்று கவிதையை வெளியிட்டாராம். கதை பெரும்பாலும் கட்டுக்கதைதான், அவர் வடக்கே நிஜமாகவே போனார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். பாஷோ சாய்க்யோவின் பின்னால் போகிறார், சாய்க்யோ நோயினின் பின்னால், நோயினோ கிளம்பவே இல்லை என்று ஊர் சிரிக்கிறது. 'ஆண் போட்ட பாதை' என்று நீங்கள் சொன்னதன் தொடக்கம் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. சாய்க்யோவின் தடத்தில் போக ஆசைப்பட்டுக் கிளம்பிய பெண் ஒருவர் பாஷோவுக்குச் சரியாக நானூறு வருடம் முன்பே இருந்தார். அவரை நிஜோ என்று அழைக்கிறோம். 1258-இல் பிறந்தவர், ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஃபுகாகுசாவின் ஆசைநாயகியாக அரண்மனையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் சாய்க்யோவின் பயணங்களை வரைந்த ஒரு படச்சுருளைப் பார்த்தாராம். மலையும் ஆறும், உதிர்கிற செர்ரிப் பூக்களுக்கு நடுவே நிற்கும் கவிஞரும் அதில் இருந்தார்கள். பெண்ணாகிய என்னால் அவர் போல் கடும் நோன்பு நோற்க முடியாது, ஆனாலும் உலகத்தை விட்டு இப்படி அலைந்து, இப்படி ஒரு பயணநூல் எழுத வேண்டும் என்று அன்றே மனதில் தோன்றியதாக எழுதுகிறார். அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டு, தலைமுடி களைந்து, 1289-இல் காமாகுராவை நோக்கிக் கிளம்பினார். பிறகு இசே, இட்சுகுஷிமா என்று வருடக்கணக்கில் சுற்றினார். ஷிகொக்கு தீவில் சாய்க்யோ போய் வணங்கிய பேரரசரின் சமாதிப் பக்கமும் போனதாக எழுதியிருக்கிறார். சொல்லியிருக்கிற எல்லா இடத்துக்கும் அவர் நேரில் போனாரா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. கிளம்பினார், ஆண்டுக்கணக்கில் நடந்தார் என்பதில் பெரிய தகராறு இல்லை.

இவருடைய நூல், 'தொவசுகத்தாரி', ஒரே ஒரு பிரதியாக அரண்மனை நூலகத்தில் கிடந்தது. 1940-இல்தான் ஓர் அறிஞர் கண்ணில் பட்டது, அதுவும் புவியியல் நூல்களுக்கு நடுவில். தலைப்பைப் பார்த்து வரிசைப்படுத்தியவர் உள்ளே திறந்து பார்த்திருக்க மாட்டார் போல. அதனால் பாஷோ இதைப் படித்திருக்க வழியில்லை, ஷொக்யூவும் கிகுஷாவும்கூடப் படித்திருக்க முடியாது. பெண்கள் ஒவ்வொருவரும் முன்னால் ஒரு ஆண் மட்டுமே போயிருப்பதாக நினைத்துக் கிளம்ப வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம், அவர்களுடைய நூல்கள் புழக்கத்தில் இல்லாமல் போனது.

பாஷோவின் நூலுக்குள்ளேயே பெண்கள் அவர் பின்னால் வர ஆசைப்படும் காட்சி ஒன்று இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் இச்சிபுரி என்ற ஊர். கடல் ஓரமாகப் பாறைகளில் தொற்றிக் கடக்க வேண்டிய கடுமையான வழியை முடித்து விடுதியில் படுத்திருக்கிறார்கள். அடுத்த அறையில் இளம் பெண்களின் குரல். நீகாத்தாவைச் சேர்ந்த இரண்டு விலைமாதர்கள் இசே கோயிலுக்குப் போகிறார்கள். காலையில் அழுதுகொண்டே வந்து கேட்கிறார்கள்: வழி தெரியாமல் பயமாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் உங்கள் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரட்டுமா? பாஷோ முடியாது என்கிறார். நாங்கள் பல இடங்களில் தங்குவோம், போகிறவர்களோடு சேர்ந்து போங்கள், தெய்வம் காப்பாற்றும் என்று அனுப்பிவிடுகிறார். பிறகு மனம் கேட்காமல் ஒரு கவிதை: ஒரே கூரையின் கீழ் விலைமாதரும் உறங்கினர், ஹகிப் பூவும் நிலாவும். அதைச் சோராவிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார் என்று முடிக்கிறார்.

சோரா எழுதிக்கொள்ளவே இல்லை! அவர் தனியாக ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அது 1943-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இச்சிபுரியில் தங்கியது அதில் இருக்கிறது, அந்தப் பெண்களும் கவிதையும் இல்லை. இது பாஷோ கற்பனை செய்த காட்சி என்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. இன்னோர் இடமும் சொல்கிறேன். ஹிரைசுமியின் சூசோன்ஜி கோயிலில் சூத்திர மண்டபத்துச் சிலைகளைப் பார்த்ததாகப் பாஷோ எழுதுகிறார். பொறுப்பாளர் ஊரில் இல்லாததால் மண்டபம் திறக்கவில்லை என்று சோரா எழுதுகிறார். ஆகவே பாஷோவின் நூலைப் பயண அறிக்கையாகப் படிக்கக் கூடாது. பயணத்திலிருந்து செய்த இலக்கியமாகப் படிக்க வேண்டும். அந்த இரண்டு பெண்களைக் கற்பனையிலிருந்து உண்டாக்கியவர், கூட வரட்டுமா என்று அவர்களைக் கேட்கவும் வைத்து, மாட்டேன் என்று தானே சொல்லவும் செய்கிறார் என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

பாஷோ வகுத்ததாக ஒரு பயண விதிப்பட்டியலும் சுற்றிவருகிறது. பெண் கவிஞர்களோடு நெருங்கிப் பழகக் கூடாது, கற்றுக்கொடுப்பதானால் வேறொருவர் மூலம் செய் என்று அதில் ஒரு விதி. இணையத்தில் இதை அடிக்கடி எடுத்துப் போடுகிறார்கள். அது பாஷோ எழுதியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பிற்காலத்தில் அவர் பெயரில் புனைந்தது என்றுதான் கருதுகிறார்கள். சோனோமே, சிகெட்சு என்று அவருக்கு நேரடியாகவே பெண் சீடர்கள் இருந்தார்கள். கடைசி வருடத்தில் சோனோமேயின் வீட்டுக்குப் போய், தூசு ஒன்றும் கண்ணில் படாத வெள்ளைச் சாமந்தி என்று அவரை வாழ்த்தி ஒரு கவிதை சொன்னார். அந்தப் போலி விதியை வைத்து அவரைத் திட்ட வேண்டாம்.

சரி, பெண்ணால் போக முடிந்ததா? முடிந்தது, ஆனால் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை. தொக்குகாவா ஆட்சியில் நாட்டின் முக்கிய வழிகளில் சாவடிகள் இருந்தன. 'உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே போகும் பெண்' என்று ஒரு வழக்கே உண்டு, சாவடி தேடுவது இரண்டையும்தான். குறுநில மன்னர்களின் மனைவியரை எடோவில் பிணையாக வைத்திருந்தார்கள். அவர்கள் மாறுவேடத்தில் நழுவினால் அது கலகத்துக்கு அறிகுறி. அந்தப் பயத்தின் பலனைச் சாதாரணப் பெண்கள் சுமந்தார்கள். பெண்ணுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் அவள் எந்த வகைத் துறவி, முடியை வெட்டியவளா, சிறுமியா என்றெல்லாம் சரியாகக் குறிக்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பினாலும் திருப்பி அனுப்புவார்கள். ஹக்கோனே போன்ற சாவடிகளில் பெண்களைச் சோதிக்கவே பெண்கள் வேலைக்கு இருந்தார்கள், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். 1702-இல் ஓதாமா என்ற வேலைக்காரப் பெண் எடோவிலிருந்து சொந்த ஊருக்குப் போக, ஹக்கோனே சாவடியைத் தவிர்த்து மலை வழியாக நுழைந்து பிடிபட்டார். மரண தண்டனை. அங்கே ஒரு குளம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. பாஷோவின் நூல் அச்சாகி வந்ததும் அதே வருடம்தான்.

பாஷோவுக்கு இது எப்படி இருந்தது? எடோவிலிருந்து வடக்கே போகிற வழியில் குரிஹாஷி சாவடியைக் கடந்ததைச் சோரா ஒரே வரியில் குறிக்கிறார்: சீட்டும் தேவைப்படவில்லை, விளக்கமும் தேவைப்படவில்லை. பாஷோவின் நூலில் அந்தச் சாவடி வரவே இல்லை. அவர் உருகி உருகி எழுதும் ஷிரகாவா சாவடி பல நூற்றாண்டு முன்பே மறைந்துபோன ஒன்று, கவிதையில் மட்டும் மிஞ்சியிருந்தது. அது இருந்த இடம் இதுதான் என்று அந்தப் பகுதியின் பிரபு கல் நட்டதே 1800-இல்தான். ஆண் கவிஞருக்குச் சாவடி ஒரு கவிதைப்பொருள். அதே பாதையில் ஒரு பெண்ணுக்கு அது பெயரும் தலைமுடியும் சரிபார்க்கப்படும் இடம். இருவரும் ஒரே பாதையில்தான் போனார்கள் என்று சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது.

துறவுக்கோலம் இதில் எப்படி உதவியது என்றும் நீங்கள் கேட்கலாம். தலையை மழித்தால் சீட்டு வேண்டாம் என்று ஆகிவிடாது, துறவிப் பெண்ணுக்கும் சீட்டு உண்டு. ஆனால் குடும்பக் கடமை விட்டுப்போகிறது. மறுமணப் பேச்சு நிற்கிறது. தெருவில் தனியாக நடந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அதோடு ஹைக்கூவின் தாய் வடிவமான ஹைக்காய் கவிதைக் கூட்டங்களின் வலை நாடு முழுவதும் இருந்தது. ஓர் ஊரின் கவிஞர் அடுத்த ஊர்க் கவிஞருக்கு அறிமுகம் செய்துவைப்பார், அங்கே படுக்கையும் சோறும் கவிதை அமர்வும் கிடைக்கும். பாஷோ பிழைத்ததும் இந்த வலையில்தான். அதனால் 'தனியாகப் போன பெண்' என்பதை, வழியெல்லாம் ஒரு ஆள் துணையில்லாமல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஷொக்யூ. 1714-இல் க்யூஷூ தீவில் சிக்குகோ நாட்டில், ஊர்த்தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். முப்பது வயதை நெருங்கும்போது ஊருக்கு வந்த ஒரு ஹைக்காய் கவிஞரோடு, கணவரையும் ஊரையும் விட்டுக் கிளம்பிவிட்டார். அந்தக் காலச் சட்டத்தில் இதற்குத் தலை போகும். இருவரும் கியோத்தோ, ஒசாக்கா பக்கம் போய்க் கவிதை கற்பித்துப் பிழைத்தார்கள். 1762-இல் அந்தக் கவிஞர் இறந்ததும் ஷொக்யூ துறவுக்கோலம் பூண்டார், தானே ஆசிரியராக நின்றார், தொகுப்புகள் வெளியிட்டார். 1771-இல், ஐம்பத்தேழு வயதில், பாஷோவின் நூல் ஏற்றிவிட்ட ஆசையோடு மட்சுஷிமாவுக்குக் கிளம்பினார். அந்தப் பயணத்தின் பதிவுக்கு 'அக்கிகாஸே நோ கி' என்று பெயர், அதாவது இலையுதிர்காற்றின் குறிப்பு.

அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். மேலே சொன்ன நோயின் கவிதையின் காற்று அது. பாஷோ கிளம்பியது எடோவிலிருந்து. ஷொக்யூ கிளம்பியது கியோத்தோவிலிருந்து, நோயின் விட்டுப்போன அதே தலைநகரிலிருந்து. அவர் அப்படி யோசித்துத்தான் பெயர் வைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நோயின் கவிதை தெரியாமல் அந்தக் காலத்தில் யாரும் வடக்குப் பயணத்துக்கு 'இலையுதிர்காற்று' என்று பெயர் வைக்க மாட்டார்கள். எழுத்தும் பாஷோ போல் செதுக்கியது இல்லை, எளிமையாக இருக்கும். எனக்கு அந்த எளிமை பிடிக்கிறது, சிலருக்குச் சப்பென்று இருக்கலாம்.

கிகுஷா வேறு மாதிரி. 1753-இல், ஹோன்ஷூ தீவின் மேற்குக் கோடியில் நாகாத்தோ நாட்டில் பிறந்தவர். பதினாறில் கல்யாணம், இருபத்துநான்கில் கணவர் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி, கவிதையில் இறங்கி, இருபத்தெட்டு வயதுவாக்கில் ஹாகி ஊர்க் கோயில் ஒன்றில் தலைமுடி களைந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். கிளம்பும்போது சொன்ன கவிதை: நிலாவைத் தொப்பியாய் அணிந்து விளையாட வேண்டும், பயண வானில். நேராக மினோ நாட்டுக்குப் போய் அங்கே சங்க்யோ என்ற ஆசிரியரிடம் சீடரானார். அங்கிருந்து 1781-இல் மேற்குக் கடற்கரை வழியாக வடக்கே ஏறி, தேவா மலைப்பகுதி, மட்சுஷிமா என்று போய் எடோவில் வந்து இறங்கினார். பாஷோவின் பயணம் தலைகீழாக.

இந்தத் 'தலைகீழ்' பற்றி இன்று நிறைய எழுதுகிறார்கள். ஆண் மரபைப் புரட்டிப் போட்டார், எதிர்த்து நடந்தார் என்றெல்லாம். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அவர் மேற்குக் கோடியிலிருந்து வருகிறார். ஆசிரியர் மினோவில் இருக்கிறார். பாஷோ பயணத்தை முடித்த ஓகாகியும் அதே மினோவில்தான் இருக்கிறது. மினோ பள்ளிக் கவிஞர்கள் கடற்கரையோர ஊர்களில் நிறையப் பேர், தங்க இடம் கிடைக்கும். அங்கிருந்து கிளம்புகிறவருக்குப் பாஷோவின் முடிவுதான் தொடக்கம். ஆனால் காரணம் சாதாரணமாக இருந்தாலும் விளைவு சாதாரணம் இல்லை. வடக்கு உலகத்துக்குள் நுழையும் வாசலாகப் பாஷோ நின்று மனம் கலங்கிய பகுதிகள் இவருக்கு ஊர் திரும்பும் வழியாகின்றன. பாஷோ களைத்துப்போய்க் கடைசியில் கடந்த கடற்கரை இவருக்குப் புதிய காலோடு தொடங்கும் முதல் நடை. இடங்கள் அதேதான், நூலில் அவை பெறும் எடை மாறிவிடுகிறது.

அந்த ஒரு பயணத்தோடு அவர் நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பயணம்தான்: கியோத்தோ, நாகசாகி, மறுபடி எடோ. ஓவியம், தேநீர்க் கலை, சீன மொழிக் கவிதை, ஏழு நரம்புச் சீன யாழ் என்று கற்றுக்கொண்டே போனார். 1812-இல் 'தாஓரிகிகு' என்ற தொகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்தார், 1826-இல் இறந்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதை வடக்குப் பயணத்தில் எழுதியது இல்லை. 1790-இல் உஜி ஊரின் மன்புகுஜி கோயிலுக்குப் போனார். அது சீனத் துறவி இங்கென் நிறுவியது, கட்டடமும் சடங்கும் ஓதும் முறையும் சீனப் பாணி. வெளியே வரும்போது: வாயிலைக் கடந்தால் ஜப்பான், தேயிலை பறிப்பவர் பாட்டு. பாஷோவின் நிழல் ஒரு சொல்லில்கூட இல்லை. பாஷோ வழியில் நடந்து பழகிய கால்தான் அந்த வாயிலையும் தாண்டியது என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாத எண்ணம்.

இந்த இருவர் விஷயத்தில் ஒரு குறை உண்டு. பாஷோ எங்கே கற்பனை செய்தார் என்று காட்டிக்கொடுக்க ஒரு சோரா இருந்தார். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்கள் எழுதியதை அவர்கள் எழுதியபடியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவர்கள் மட்டும்தான் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. அச்சில் கொண்டுவர வசதியும் சீடர்களும் இருந்தவர்கள் நமக்குத் தெரிகிறார்கள்.

'பின்னால் போனதுதானே' என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். முன்னோடியின் இடத்தில் போய் நின்று பாடுவது அந்த மரபில் அடிப்படை வேலை, அதைச் செய்யாதவரைக் கவிஞராகவே எண்ண மாட்டார்கள். பாஷோவுக்கு அதைப் பெருமையாகவும் ஷொக்யூவுக்கு அதையே குறையாகவும் கணக்கெழுதுவது நியாயமில்லை. அப்புறம், அதே பாதை என்று ஒன்று கிடையாது. கிசகாத்தா என்ற இடத்தைச் சொல்கிறேன். பாஷோ பார்த்தபோது அது தீவுகள் நிறைந்த காயல். மட்சுஷிமா சிரிக்கிறது, கிசகாத்தா எதையோ நினைத்து வருந்துகிறது என்று எழுதினார். கிகுஷா வடக்கே போன 1781-இலும் அங்கே தண்ணீர் இருந்தது. 1804-இல் பெரிய நிலநடுக்கம், தரை ஏறக்குறைய இரண்டு மீட்டர் மேலெழும்பியது, காயல் வற்றிவிட்டது. அரசு தீவுகளை வெட்டிச் சமன் செய்து வயலாக்கப் பார்த்தது. கன்மன்ஜி கோயிலின் தலைமைத் துறவி எதிர்த்தார், சிறையிலேயே இறந்தார். அவர் புண்ணியத்தில் இன்று நெல்வயல் நடுவே பைன் மரங்களோடு மேடுகள் நிற்கின்றன. நடவுக்குத் தண்ணீர் கட்டும் நாட்களில் மட்டும் மறுபடி தீவுகள் போலத் தெரியும். இனி யார் போனாலும், ஆணோ பெண்ணோ, பாஷோ பார்த்த கிசகாத்தாவைப் பார்க்க முடியாது.

நம் காலத்திலும் போயிருக்கிறார்கள். லெஸ்லி டவுனர் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் பாஷோவின் தடத்தில் போய் 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார். தேவா மலைகளில் தவம் செய்யும் யமபுஷி துறவிகள் இன்னும் இருக்கிறார்களா என்ற தேடல் அதில் ஓடுகிறது. இசபெல்லா பேர்டை இந்த வரிசையில் சேர்க்கிறவர்கள் உண்டு. அவர் 1878-இல் வட ஜப்பானில் பயணித்தவர், வழிகள் சில இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஆனால் அவர் தேடியது யாரும் போகாத பாதையை, அது இதற்கு நேர் எதிரான ஆசை.

படிக்க விரும்பினால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் பாஷோ, இச்சிபுரிப் பகுதியை இரண்டு தடவை. அடுத்து நிஜோ. காரன் பிரேசலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1973 முதல் கிடைக்கிறது, அதன் கடைசி இரண்டு பகுதிகள்தான் பயணம், முதல் மூன்றும் அரண்மனைக் கதை. ஷொக்யூவின் நூலையும் ஆங்கிலத்தில் படிக்கலாம். தமிழில் பாரதி 1916-இலேயே சுதேசமித்திரனில் ஹொக்கு (இன்று நாம் ஹைக்கூ என்பது) பற்றியும் பாஷோ பற்றியும் எழுதிவிட்டார், ஆனால் இந்தப் பெண்களின் பயணநூல்கள் எதையும் தமிழில் நான் பார்த்ததில்லை. கிகுஷாவின் சில கவிதைகளையாவது நேரடியாக ஜப்பானியத்திலிருந்து மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். நிலாத் தொப்பிக் கவிதை மேலே என் மொழிபெயர்ப்புதான், இன்னும் சரியாக வரவில்லை. ஜப்பானியம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்தித் தாருங்கள்.